உள்ளங்கையால் அடித்தால்

நேற்று மாங்குளம் சந்தியில் முன்பின் தெரியாத ஓர் இளந்தாரியின் கையைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில் இவனுக்கு வேறு வேலையில்லையா என்று நினைப்பீர்கள்; அவனும் அப்படித்தான் பார்த்தான். புதுத் தொலைபேசிக் கடையின் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருவரும் தற்செயலாக நின்றோம். அவன் தலை சீவிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியில் உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்தார்கள். என் கை தானாகப் போனது. “தம்பி, உம்மட பேர் என்ன?” என்று கேட்டேன். யாரோ கதவைத் திறக்கப் பார்த்தால், கடைப் பெட்டை உள்ளே நின்று விளம்பரத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

திறந்த கதவால் வினாகிரி வாசம் வந்தது. மற்றவர்களுக்கு அது அச்சாறு. எனக்கு அது கண்ணாடி துடைக்கிற வேலை. சண்டை முடிந்து சில வருடங்களில் கிளிநொச்சி வீதியோரம் முகம் பார்க்கும் நீலக் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. அதிலொன்றைத் துடைப்பதுதான் என் முதல் சம்பள வேலை. வெளியே நான், உள்ளே தவமணி அக்கா. பகலில் வெளியே நிற்பவனுக்குத் தன் முகம் மட்டும்தான் தெரியும். உள்ளே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். மிச்சமிருக்கும் அழுக்கும் உள்ளேயிருந்து பார்த்தால்தான் தெரியும். அக்கா விரலை மடித்துத் தட்டுவார், தட்டிய இடத்தை நான் திரும்பத் துடைப்பேன். என் முகத்துக்குப் பின்னாலிருந்து யாரோ தட்டும்போதெல்லாம் முதல் கிழமை ஓரடி பின்வாங்கினேன். பிறகு பழகிவிட்டது. அந்த நாளில் எனக்குத் தலை நிறைய முடி, நம்புங்கள். நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் தருகிறார்களே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோசம், ஒரே புளுகம்.

வெயிலேறிய கண்ணாடியில் சவர்க்காரத் தண்ணீர் பட்டதும் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிடும். காலையில் மேற்குப் பக்கம், பின்னேரம் கிழக்குப் பக்கம் என்று நிழலின் பின்னால் போவதுதான் தொழில். ஆனால் வீதிப் பக்கத்துக் கீழ்க் கண்ணாடியை மத்தியானத்தில்தான் செய்யவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். பஸ்கள் வந்து சனத்தை இறக்குகிற நேரம் அது. இறங்கிய சனம் நேரே வந்து அந்தக் கண்ணாடியில் தலை சீவும், பல்லைப் பார்க்கும், சேலையைச் சரிசெய்யும். ஒரு முழம் தள்ளி ஒருவர் நின்று பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

“ஏனக்கா இந்த வெயிலுக்க என்னைப் போட்டு வதைக்கிறியள்?” என்று ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

“சனம் வேறெங்க தம்பி முகத்தை இவ்வளவு வடிவாக் காட்டும்?” என்றார்.

அவருடைய மகன் நிரோசன். கடைசிச் சண்டையில், வற்றாப்பளைக்குக் கிட்ட, சனத்தோடு சனமாக ஓடும்போது கையை விட்டுக் காணாமல் போனவன். அப்போது பதின்மூன்று வயது. கந்தோர் கந்தோராக மனு எழுதிக் கொடுத்துக் களைத்த அக்கா இந்த வேலையைக் கேட்டு வாங்கியதே அவனைத் தேடத்தான். அவனுக்கு முன்நெற்றியில் சுழி. எழும்பி நிற்கும் மயிரை உள்ளங்கையால் அமத்திக்கொண்டே இருப்பானாம்.

“விரலால தட்டினா அழுக்கு. உள்ளங்கையால அடிச்சா, பக்கத்தில நிக்கிறவனை மறிச்சுப் பேரைக் கேள். நான் சுத்தி வாறதுக்குள்ள போயிடுவான்.”

வேலையாட்களுக்கு முன்வாசல் இல்லை. பின்கதவால் இறங்கி மதிலைச் சுற்றித்தான் வரவேண்டும். “ஓம் அக்கா” என்றேன். மாதக் கணக்காக உள்ளங்கைச் சத்தம் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

அன்று சித்திரை வெயில். பஸ் போய், வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பாதிக் கண்ணாடிக்குச் சவர்க்காரம் பூசிவிட்டு, மற்றப் பாதியில் நான் மீசை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக விட்ட மீசை. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கை நெற்றிக்குப் போய் மயிரை அமத்தியது. திரும்பவும் அமத்தியது. அப்போது கண்ணாடி படபடவென்று அதிர்ந்தது. சவர்க்காரம் காய்கிறதென்று அக்கா ஏசுவதாகத்தான் என் புத்திக்குப் பட்டது. வாளித் தண்ணீரை அப்படியே கண்ணாடியில் வீசினேன்.

வழித்து முடித்தபோது என் முகம் மட்டும் இருந்தது.

அக்கா மூச்சு வாங்க ஓடிவந்தார். “எந்தப் பக்கம் போனவன்?”

வாசலில் இருந்த காவல்காரர் குழம்பிப்போனார். “ஒருத்தரும் வரேல்லையே அக்கா. இவன் தனியத்தானே நிண்டவன்.”

“நீ சொல்லு தம்பி. முகம் எப்பிடி?”

நான் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற முகத்தைப் பார்க்கவில்லை. என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு தாய்க்கு எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்தேன். அப்போதுதான் கண்டேன்: சிந்திய தண்ணீரிலிருந்து வீதிப் பக்கமாக ஈரக் காலடிகள். எங்கள் எல்லார் காலிலும் செருப்பு. அது வெறுங்கால், தோசைக்கல்லாய்க் கொதிக்கிற சீமெந்தில். தூரத்தில் இருந்த அடிதான் முதலில் காய்ந்தது. பிறகு அதற்கு இந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொன்றாக எங்களை நோக்கி அழிந்துகொண்டு வந்து, கடைசியில் ஒன்று மிஞ்சியது.

அக்கா குந்தியிருந்து அதன்மேல் சாண் வைத்தார். பிறகு இரண்டு விரல் வைத்தார்.

“ஓடுறதுக்கு முந்தி அவனுக்குச் செருப்பு வாங்க அளந்தனான். அதே அளவு,” என்றார். “வளரேல்லைத் தம்பி.”

அவருடைய கைக்குக் கீழேயே அதுவும் காய்ந்தது.

அக்கா அழவில்லை. உள்ளே போய் மிச்சத்தைத் துடைத்தார். அடுத்த நாளிலிருந்து அவர் மேல்மாடியில்தான் வேலை செய்தார். கீழ்க் கண்ணாடிக்கு வரவேயில்லை. மாரி தொடங்கமுதல் வேலையை விட்டுவிட்டார். என்மீது அவர் ஒரு சொல் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கீழ்க் கண்ணாடி முழுக்க இப்போது மலிவு விற்பனைப் படம் ஒட்டியிருக்கிறது. உள்ளேயும் தெரியாது, வெளியேயும் தெரியாது. சீமெந்தைக் கிளப்பிக் கல் பதித்துவிட்டார்கள். என் முடியும் போய்விட்டது. அக்காவின் செத்தவீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன் போய்வந்தேன்.

நேற்று அந்த இளந்தாரி ஏதோ வேறு பேர் சொன்னான். மன்னிப்புக் கேட்டுக் கையை விட்டேன். ஆனால் இந்தமுறை முகத்தை வடிவாகப் பார்த்தேன். நெற்றி, மூக்கு, காதோரத்து மச்சம், எல்லாம் சொல்வேன். கேட்கத்தான் அக்கா இல்லை.