தேவதூதன் எத்தனை மணிக்கு வருவான்?

தமிழாசிரியர் வேலை என்றால் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று நம்பி யாரும் இதற்கு வந்துவிடாதீர்கள். செய்யுளும் புணர்ச்சி விதியும் ஓரமாக நடக்கும். உண்மையான வேலை, ‘நீங்கதான் நல்லா வசனம் எழுதுவீங்களே சார்’ என்ற ஒரு வரியில் மாட்டிக்கொண்டு வருஷா வருஷம் கிறிஸ்மஸ் நாடகம் போடுவது. ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இது எனக்குப் பத்தொன்பதாவது நாடகம். நான் காலையில் விபூதி பூசாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவன். நடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பார்த்துக் குறை சொல்கிற தலைமையாசிரியை கிரேஸ் மேடம் மட்டும் கிறிஸ்தவர். ஆண்டுவிழா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு விழா என்று ஏதாவது ஒன்று உங்கள் தலையிலும் விழுந்திருக்கும். அந்த வலி தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பேசாத மனிதர்

மரியாள் வேஷத்துக்கு எப்போதும் அடிதடிதான். நீலச் சேலை, மைக், கையில் பொம்மைக் குழந்தை, போட்டோவில் நடு இடம். இந்த வருஷம் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். ஏழாம் வகுப்பு அபிநயாவுக்குக் குரல் பெரிசு என்பதால் அவளுக்குக் கொடுத்தேன். மீதி எட்டுப் பேரும் நான்கு நாள் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

தேவதூதன் வேஷம் ஆறாம் வகுப்பு சமீனாவுக்கு. மற்ற பிள்ளைகள் எல்லாம் ‘டிரஸ் யார் தருவாங்க சார்’, ‘மேக்கப் உண்டா சார்’ என்று பிடுங்கியெடுக்க, இவள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தேவதூதன் எத்தனை மணிக்கு வருவான்? வரும்போது வருவான், போ என்றேன். மறுநாளும் அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும்.

யோசேப்புக்குத்தான் ஆள் கிடைக்காது. கடைசியில் அபிநயாவின் வகுப்பு இம்ரானைப் பிடித்துப் போட்டேன். பையன் நாடகத் தாளை முன்னும் பின்னும் புரட்டினான். ‘சார், இவரு ஒண்ணுமே பேச மாட்டாரா?’ என்றான். மாட்டார், கூடவே நடப்பார், கதவைத் தட்டுவார், அவ்வளவுதான் என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான்: “அப்ப எனக்கு ஈஸி சார். எங்கப்பாவும் வூட்ல அப்டித்தான்.”

ஆடு பாஸா, ஃபெயிலா?

மற்ற ஊர்ப் பள்ளிகளில் ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவார்கள். எங்கள் ஊரில் அந்தக் கஷ்டம் இல்லை. தோல் ஷெட்டில் வேலை பார்க்கிற பெற்றோர் யாராவது முடியோடு பதனிட்ட நிஜத் தோலையே அனுப்பிவிடுவார்கள். நான்கு தோல் வந்தது. நான்கு குட்டிப் பிள்ளைகள் முதுகில் கட்டிவிட்டால் மந்தை தயார். வேலை சுலபமாக முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டதுதான் தப்பு.

இம்ரானின் மாமா தோலைத் தரம் பிரிக்கிறவர். மருமகன் சும்மா இருப்பானா? ஒரு தோலை எடுத்து பெஞ்சின் மேல் விரித்தான். கட்டைவிரலால் அழுத்தினான், திருப்பினான், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ‘சார், ரெண்டுதான் செம்மறி. மிச்ச ரெண்டும் வெள்ளாடு’ என்றான். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. “அது கூட பரவால்ல சார். இங்க பாருங்க, முதுகு ஃபுல்லா முள்ளு கீறலு. தேர்டு கிரேடு. ஈசா நபி பொறக்கிற எடத்துக்கு தேர்டு கிரேடு அனுப்பலாமா?”

இடது கால் சாஸ்திரிகள்

இது போன வருஷக் கதை. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிழக்கிலிருந்து வருகிற மூன்று சாஸ்திரிகளுக்கும் நல்ல பூட்ஸ் வேண்டும் என்று ஒரு ஷூ கம்பெனியில் கேட்டேன். பெரிய மனதோடு ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தன. விழா அன்று காலையில் பிள்ளைகள் காலை நுழைக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. வெளிநாட்டுக்குக் காட்டுவதற்குச் செய்கிற சாம்பிள் அவை. சாம்பிளுக்கு ஒரு கால் போதும் அல்லவா? பெட்டி முழுக்க இடது கால்.

வேறு வழி? இரண்டு காலிலும் இடது கால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மூவரும் மேடையேறினார்கள். நட்சத்திரம் தொங்கியது மேடையின் வலது மூலையில். மூன்று ராஜ உடைகளும் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்ல மெல்ல இடது பக்கமாகவே ஒதுங்கிப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டன. கீழே நின்றிருந்த பி.டி. மாஸ்டர் என் காதில் சொன்னார்: “நச்சத்திரம் அங்க மின்னுது, இவனுங்க இன்னா சார் சத்துணவு கூடத்துக்குப் போறானுங்க?”

ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை

இந்த வருஷத்துக்கு வருகிறேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, சமீனா மறுபடியும் மணி கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடிகாரக் கடை வைக்கப்போகிறாயா என்று கத்தினேன். அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். அவளுடைய அம்மா ரெஹானாவுக்கு எங்கள் பள்ளிக்குப் பின் தெருவில் இருக்கிற ஷூ ஃபேக்டரியில் தையல் பிரிவில் வேலை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு சங்கு. ஒன்று இருபத்தைந்துக்கு ஒரு சங்கு. ஒன்றரைக்குக் கடைசிச் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு. யு.கே.ஜி.யிலிருந்து சமீனா மேடை ஏறியதை அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எல்லா விழாவும் இரண்டு மணிக்கு.

நான் கிரேஸ் மேடத்திடம் போனேன். ஒரு மணிக்கே வைத்துவிடலாம் என்றேன். உண்மைக் காரணத்தைச் சொன்னால் ‘ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஒரு நேரமா’ என்பார். ஆகவே, சாப்பிட்டுவிட்டு நடித்தால் உடையெல்லாம் சாம்பார் ஆகிறது என்றேன். அது பொய்யும் இல்லை. முந்தின வருஷம் ஏரோது ராஜாவின் தாடியில் முருங்கைக்காய் இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு மணின்னே வச்சுக்குங்க. ஆனா சீஃப் கெஸ்ட் வந்து உக்காராம திரைய மட்டும் தொறந்துடாதீங்க.”

நான் மேய்ந்த கதை

எதற்கு இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் இதே பள்ளியில் படித்தவன்தான். நான்காம் வகுப்பில் நான் ஆடு. அப்போது நிஜத் தோல் எல்லாம் கிடையாது. கோணிப்பையும் அட்டை முகமூடியும்தான். அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வேலை உடையோடு அப்படியே வந்துவிட்டார். வாடைக்குப் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

மேடையில் ஆறு ஆடுகள். நான் வலது ஓரத்தில் கடைசி ஆடு. அப்பா வாயெல்லாம் பல்லாக இடது பக்கத்து ஆட்டைப் பார்த்துக் கைதட்டுவது முகமூடி ஓட்டை வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. கத்திக் கூப்பிடலாம் என்றால் ஆட்டுக்கு வசனம் இல்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதற்கு, ‘ஆமாப்பா’ என்று தலையாட்டினேன். அவர் இருந்தவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் நொந்துபோவார். அவர் அன்று சொன்னது இதுதான்: “எடது பக்கம் ரெண்டாவது ஆடு நீதானடா? சூப்பரா மேஞ்ச!”

சங்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாள். ஒரு மணிக்குப் பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது. சீஃப் கெஸ்டின் நாற்காலி மட்டும் காலி. ஒன்று ஐந்துக்கு, நீல ஏப்ரனும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஐந்து பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். நடுவில் நின்றவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சமீனாவின் அதே மூக்கு. ஒன்று பத்து. சீஃப் கெஸ்ட் வரவில்லை. மேடம் பிள்ளைகளை இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார். ஒன்று பதினைந்து. ஆட்டுக்கு நடந்தது தூதனுக்கும் நடக்க வேண்டுமா? நடப்பது நடக்கட்டும் என்று கயிற்றை நானே இழுத்துவிட்டேன். திரை திறந்துகொண்டது. மேடம் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை.

மரியாளும் யோசேப்பும் இடம் தேடிக் கிளம்பினார்கள். முதல் சத்திரம், இடமில்லை. இரண்டாவது சத்திரம். நான் எழுதிய வசனம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. எழுதினவனை உதைக்கலாம் போல இருந்தது. மூன்றாவது கதவைத் தட்டும்போது பின் தெருவில் சங்கு ஊதியது. ஒன்று இருபத்தைந்து. வேப்பமரத்தடியில் நான்கு பேர் திரும்பிவிட்டார்கள். ஐந்தாவது பெண் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார்.

மேடையின் பின்பக்கம் வானத்துக்காகக் கட்டியிருந்த நீலத் திரைக்குப் பின்னால், பெஞ்சின் மேல் நின்றிருந்த சமீனா அதைப் பார்த்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். “மேய்ப்பர்களே, எழுந்திருங்கள்! உங்கள் ஊரில் குழந்தை பிறந்திருக்கிறது!” மேய்ப்பர்கள் அங்கே இல்லை. குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குரல் கேட்டு ஆடுகள் மட்டும் பதறியடித்து ஓடிவந்தன. சத்திரத்து வாசலில் நின்ற மரியாள் மைக்கிலேயே கத்தினாள், ‘ஏய், இன்னும் பொறக்கலடி!’ மைதானமே சிரித்தது. சமீனா யாரையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிச்ச வசனத்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அந்த அம்மா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். சரியான ஆளைப் பார்த்துத் தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் அபிநயா தூதனைப் பிடித்து உள்ளே தள்ளப் போக, நாடகம் முழுக்க வாயே திறக்கக்கூடாத யோசேப்பு வாயைத் திறந்தான்: “வுடு, சொல்லிட்டுப் போவட்டும். அவங்கம்மாவுக்கு சங்கு ஊதிட்டாங்க.”

இரண்டாம் வருகை

ஏப்ரன்கள் கேட்டை விட்டு ஓடின. எதிரே சீஃப் கெஸ்டின் கார் உள்ளே நுழைந்தது. அவர் உட்கார்ந்ததும் குழந்தை முறைப்படி பிறந்தது. தூதன் முறைப்படி மறுபடி வந்தான். ‘இத முன்னயே சொல்லிட்டியே’ என்று ஒரு மேய்ப்பன் முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது. நன்றியுரை முடிந்ததும் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திரை விஷயம், தூதன் விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெமோ வரும் என்று நின்றேன். மேடம் கைக்குட்டையால் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷம் மொதல் சீனே தூதன்னு எழுதிடுங்க. மத்தவங்களுக்கெல்லாம் அவசரம் இல்ல.”

இரண்டு நாள் கழித்து, கிறிஸ்மஸுக்கு முந்தின மாலை, பஜாரில் ரெஹானாவைப் பார்த்தேன். கேட் மூடுவதற்குள் போய்விட்டீர்களா என்று கேட்டேன். அதற்குத்தான் இரண்டு நாளாக என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. ‘போய்ட்டேன் சார், ஓடின ஓட்டத்துல செருப்புதான் அறுந்துபோச்சு’ என்று சிரித்தார். பக்கத்தில் சமீனா அம்மாவின் கையை விடாமல் நின்றிருந்தாள். நான் நகரப்போகும்போது ரெஹானா என்னை நிறுத்தி, நிஜமான கவலையோடு கேட்டார்: “எம் பொண்ணு சொல்லிட்டா சரி, நான் போனப்புறம் கொயந்த நல்லபடியா பொறந்துச்சா சார்?”

இனிமேல் என்னை யாராவது கிறிஸ்மஸ் நாடகம் எத்தனை மணிக்கு என்று கேட்டால், கிரேஸ் மேடத்தையும் கேட்க மாட்டேன், சீஃப் கெஸ்டையும் கேட்க மாட்டேன், பின் தெருவில் சங்கு ஊதுகிறவரைத்தான் கேட்டுச் சொல்வேன்.