சிவப்பு சாக்கெட்டில் மாட்டிய சீரியல் செட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் அடுகோடி அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த அவன், எங்கள் இருவருக்கும் மேலே இருந்த மேடம். முதலாளி குடும்பத்தோடு மைசூருக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர் சொந்த ஊரான ஹாசனுக்குப் போயிருந்தார். பேக்கப் சிடிக்கள் இருந்த பீரோவின் சாவியும் அவரோடு ஹாசனுக்குப் போய்விட்டது.

கம்ப்யூட்டரில் பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரிப்பது எங்கள் வேலை. சிங்கப்பூரில் ஒரு கிடங்குக் கம்பெனிக்காக, அங்கே வேலை செய்பவர்கள் அடிபடாமல் இருப்பது எப்படி என்று ஒரு பாடம் செய்துகொண்டிருந்தோம். படம், குரல், கேள்வி, பதில் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் இருக்கும். ஒருவர் திறந்திருந்தால் மற்றவர் திறக்க முடியாது. முறை வைத்து வேலை பார்த்தோம். பாடம் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரை மூன்று மாதம் சிங்கப்பூருக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். யாரை என்று சொல்லவில்லை. நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, போலீஸ்காரர் எப்போது விசாரிக்க வருவார் என்று காத்திருந்தேன். வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றினார். அவனுடைய குடும்பம் சமஸ்தான காலத்திலேயே மைசூர் உத்தியோகத்துக்கு வந்தது. தமிழிலிருந்து கன்னடத்துக்கும் கன்னடத்திலிருந்து இங்கிலீஷுக்கும் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவது போலப் போய்வருவான். என்னை அவன், கன்னடப் பையன்கள் சிநேகிதனைக் கூப்பிடுவது போல, 'குரு' என்பான், 'நீ' என்பான். ஒரே வயது, ஒரே சம்பளம், ஆனாலும் என் வாயில் 'நீங்க' தவிர வேறு வரவில்லை. எழுதும்போதுதான் 'அவன்' என்று எழுத முடிகிறது.

எனக்குப் பொறுக்காதது அவனுடைய வேகம். சாயங்காலம் அரைகுறையாக விட்டுப் போன பக்கங்கள் காலையில் முடிந்து, மெருகோடு நிற்கும். அது திறமை என்று நம்பினேன். பஸ்ஸில் ஹெப்பகோடிக்குத் திரும்பும்போதெல்லாம் என் மூளையைத் திட்டிக்கொண்டே போவேன்.

அன்று வாசலில் வாழைக்கன்று கட்டி, மானிட்டர்களுக்கெல்லாம் விபூதி குங்குமம் வைத்து, சேவந்திப் பூ சுற்றியாகிவிட்டது. மேடம் ஆஸ்டின் டவுன்காரர். தட்டோடு நின்றுகொண்டு, "இன்னாப்பா, கற்பூரம் வெச்சாச்சு, இன்னும் மெஷினை மூடலியா? சாமியை வெயிட் பண்ண வெப்பீங்களா?" என்றார்.

"சேவ் ஆயிட்டிருக்கு மேடம். ஒரே நிமிஷம்," என்றான் அவன்.

ஃபைல் பெரிதாகிவிட்டதால் சேவ் ஆக நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அவன் சரஸ்வதி படத்துக்கு சீரியல் செட் மாட்டினான். அங்கே இருந்த ஒரே வெள்ளை சாக்கெட்டில் மேடத்தின் டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. சிவப்பு சாக்கெட்டுகள், கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாத யூபிஎஸ்ஸிலிருந்து வருபவை. கம்ப்யூட்டர் தவிர எதையும் அவற்றில் மாட்டக் கூடாது.

"அது ரெட்டாச்சே, அதுலயா போடறீங்க?" என்றேன்.

"ஆரத்தி முடிஞ்சதும் புடுங்கிடலாம் குரு. நீ ஒருத்தன், லைன்மேன் மாதிரி."

பழைய சீரியல் செட். எங்கோ ஒயர் உரசியிருக்க வேண்டும். டப்பென்று ஒரு சத்தம். டேப் ரிக்கார்டர் பாடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர்கள் மட்டும் பூவும் பொட்டுமாக இருட்டிப் போயின.

யூபிஎஸ்ஸைத் திரும்ப உயிர்ப்பித்தபோது ஃபைல் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. சேதமாகிவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்தது. வேறு பெயர் வைத்துப் பார்த்தோம். என் மெஷினுக்கு நகல் எடுத்துத் திறந்தோம். புது ஃபைல் ஒன்றைத் தொடங்கி, பழையதை அதற்குள் இழுத்துப் பார்த்தோம். அதே வரிதான். பேக்கப் பீரோவின் சாவி ஹாசனிலிருந்து பண்டிகை முடிந்துதான் வரும்.

"கண்ணு பட்டுடுச்சுப்பா. பூசணிக்காயை முன்னாடியே உடைச்சிருக்கணும்," என்றார் மேடம்.

யார் கண் என்று அவர் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்தேன். எனக்குள் யாரோ மத்தாப்பு கொளுத்தினாற்போல இருந்தது. அவன் கையில், அவன் மாட்டிய ஒயரில் போயிருக்கிறது. இனி சிங்கப்பூருக்கு யார் என்று கேட்க வேண்டியதில்லை.

அப்போது அவன், "வீட்ல ஃபைலோட காப்பி இருக்கு. வா குரு," என்றான்.

ஆட்டோவில் பசவனகுடிக்குப் போனோம். கொலு வைத்திருந்தார்கள். அவன் அம்மா வேலைக்காரப் பெண்ணிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே என் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தார். "சொந்த ஊர் எதுப்பா?" என்றார். தர்மபுரி பக்கம் என்றேன். "அங்கேயிருந்து தினமும் வந்துபோறியா?" என்று பாவமாகக் கேட்டார்.

மாடியில் அவனுக்கென்று ஒரு அறை. அறையில் ஒரு கம்ப்யூட்டர், சிடி எழுதும் வசதியோடு. பக்கத்தில் சிடிக்கள் தோசை போல அடுக்கியிருந்தன.

"தினமும் இங்கயா வேலை பாக்கறீங்க?"

"தூக்கம் வர்ற வரைக்கும் சும்மா தட்டிட்டிருப்பேன். காலைல கொண்டாந்து ஒட்டிடுவேன். ஏன், நீ வீட்ல பண்றதில்லையா?"

சுண்டலை மென்றுகொண்டே இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க மேஜையும் இல்லை, மேஜை போட இடமும் இல்லை. இத்தனை மாதம் நான் பொறாமைப்பட்டது அவன் மூளையைப் பார்த்தல்ல, இந்த மாடி அறையைப் பார்த்து என்று புரிந்தது. புரிந்தும் பொறாமை குறையவில்லை. மூளையாக இருந்தாலாவது முயன்று பார்க்கலாம்.

இந்த வாரம் ஃபைல் என் முறை, அன்று காலைதான் அவன் கைக்குப் போயிருந்தது; அதனால் அவனுடைய கடைசி சிடி போன வாரத்தியது. அலுவலகத்துக்கு வந்து போட்டோம், திறந்தது. அவன் செய்த பாகங்கள் எல்லாம் முழுசாக இருந்தன. கடைசிப் பாகம் மட்டும் இல்லை. குனியாமல் பாரம் தூக்குவது எப்படி என்ற அந்தப் பாகத்தை நான்தான் அந்த வாரம் முழுக்கச் செய்திருந்தேன். அப்பாவை வீட்டில் நிற்கவைத்து, அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்துச் செய்தது.

அவன் மைசூருக்குப் போன் போட்டான். "சார், என் தப்பு சார். ரெட் சாக்கெட்ல சீரியல் செட்டை மாட்டிட்டேன். வீட்ல இருந்த காப்பியை வெச்சு மீட்டுட்டோம். ஒரு சாப்டர் மட்டும் திரும்பப் பண்ணணும்."

முதலாளி சிரிப்பது எனக்கே கேட்டது. "வீட்ல கூட உக்காந்து வேலை பாக்கறியா? பரவால்லையே," என்றார்.

என் தப்பு என்று அவ்வளவு லேசாகச் சொல்ல என்னால் முடியாது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு திரும்பிப் போக அவனுக்கு ஒரு பசவனகுடி இருந்தது.

பண்டிகை விடுமுறையில் தினமும் அலுவலகம் வந்து அந்தப் பாகத்தைத் திரும்பச் செய்தேன். முதல் தடவையைவிட நன்றாகவே வந்தது. முதல் தடவையைப் பார்த்தவர் யாரும் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குள் பாடத்தை அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது. இனி சிடியை அனுப்பித் திருத்தி மறுபடி அனுப்ப நேரமில்லை, உடனே ஒரு ஆள் நேரில் வந்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பிய முதலாளி எங்கள் அறைக்கு வந்து நின்றுகொண்டே கேட்டார்.

"யாருக்குப்பா பாஸ்போர்ட் கைல இருக்கு?"

அவனிடம் கல்லூரிக் காலத்திலிருந்தே இருந்தது. எனக்கு இன்னும் போலீஸ்காரரே வரவில்லை. ஒயரை மாட்டியவன் அவன், தாமதமானது என் பாகம், விமானம் ஏறப் போவதும் அவன்.

"உன் சாப்டரைத்தான் அங்க எல்லாருக்கும் பிடிக்கப் போவுது, பாரு குரு," என்று தோளில் தட்டினான். உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் அதிகம் எரிந்தது.

டிராவல்ஸில் டிக்கெட்டை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள். கடைசி நேர டிக்கெட், கூடத்தான் ஆகும் என்றார் கவுண்டர்காரர். அவன் பெயர் எழுதிய உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். மேடம் கணக்கைக் கேட்டார். பசவனகுடிக்குப் போய்வந்த ஆட்டோ, யூபிஎஸ் ரிப்பேர், டிக்கெட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கால்குலேட்டரைத் தட்டி, "ஒரு சீரியல் செட்டுக்கு இவ்ளோவாப்பா," என்றபடி என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருபத்து நாலாயிரத்து எழுநூறு ரூபாய்.