அமெரிக்காவுக்காக நான் போர்த்திக்கொண்ட பொன்னாடை

நான் பொய் சொல்லிப் பொன்னாடை வாங்கியவன்.

ஒருவன் செய்யும் வேலை நாட்டுக்கே முக்கியமானது என்று நிரூபிக்க மேடையும் மாலையும் வேண்டும் என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே தங்கிவிட்டவன் நான். நகரின் தெற்கே சட்டன் பகுதியில் வீடு. தெருவுக்கடியில் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் பொறியாளன். கல்யாணமோ நாற்பதைத் தாண்டித்தான் நடந்தது! மனைவி மாலதி இருந்தது நியூ ஜெர்சியில். அவளுடைய கிரீன் கார்டை வைத்து நான் போவதென்றால் பல ஆண்டுக் காத்திருப்பு. அதற்குள் தலையில் முடி மிஞ்சுமா?

என் தொழில் திறமையைக் காட்டி நானே மனுப் போட்டால் சீக்கிரம் சேரலாம் என்றார் அங்குள்ள வழக்கறிஞர். ஆனால் என் வேலை அந்த நாட்டுக்கே முக்கியம் என்று காட்ட வேண்டுமாம்.

நாட்டுக்கா? என் தெருவிலேயே என்னை யாருக்கும் தெரியாதே!

பதற்றத்தில் மூளை பழகிய பாதையில் ஓடியது. நம்மவர்களில் ஒருவர் முக்கியமானவர் என்பதற்கு என்ன அடையாளம்? தோளில் பொன்னாடை, கையில் வாழ்த்துமடல், பின்னால் குத்துவிளக்கு...

பக்கத்தில் மிச்சம் என்ற பகுதியில் மளிகைக்கடை வைத்திருந்த நேசன் அண்ணையிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். பாராட்டு விழாப் படங்கள் வேண்டுமென்று வழக்கறிஞரே கேட்டதாகச் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. அதுதான் அந்தப் பொய்.

"ஒண்டுக்கும் யோசியாதையும் தம்பி. மனிசியோட போய்ச் சேர ஒரு விழாதானே? செய்துபோட்டு விடுவம்" என்றார்.

வியாபாரம் சூடு பிடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கடையைப் பூட்டினார். மண்டபம் பிடித்தார். என் பிரிவுத் துயரத்தை என்னைவிட உருக்கமாகச் சொல்லி ஆள் சேர்த்திருக்கிறார். வந்த பெண்கள் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்! எனக்கு 'நீர்க்காவலர்' பட்டம். என்னை முன்பின் அறியாத ஒருவர் என் அருமை பெருமைகளை விலாவாரியாகப் பேசினார். கேட்கக் கேட்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது...

படங்களை அனுப்பினேன். வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்... படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் என் உறவினர்களா என்று பொறுமையாகக் கேட்டார். நான் எவ்வளவு பெரிய மனிதன் என்பதல்ல, என் வேலை அங்கே எத்தனை ஊர்களுக்கு உதவும் என்பதே கேள்வி என்றார். அங்கேயும் குழாய்கள் கிழடு தட்டியவைதாமே! வீணாகத் தோண்டாமல் கசிவைப் பிடிக்கும் என் முறையை எழுதிக் கொடுத்தேன். அதைப் பயன்படுத்திப் பார்த்த பொறியாளர்களிடம் கடிதங்கள் வாங்கினேன்.

மனு ஏற்கப்பட்டது.

நேசன் அண்ணை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தார். "எங்கட பொன்னாடை வேலை செய்திட்டுது, பாத்தீரே?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே? அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. கோழைத்தனம்!

விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். மாலதியோடு ஒரே கூரையின் கீழ் சண்டை போடும் ஒவ்வொரு நாளும் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

வழக்கறிஞர் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட மனுவோடு வைக்கவில்லை. நேசன் அண்ணைக்கு அது இன்றுவரை தெரியாது.