துண்டு கிடக்கு, ஆளைக் காணோம்

கரண்ட் போனால் ஊரே விசிறியைத் தேடும். கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் எங்களைத் தேடும். கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, இந்தக் கூத்தை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? இந்த வேலையால் வீட்டு விசேஷம் ஒன்றுக்குக்கூட நான் நேரத்துக்குப் போனதில்லை. அக்கா மகள் காதுகுத்தை மட்டும் தவறவிடுவதில்லை என்று சபதமே எடுத்திருந்தேன். தாய்மாமன் மடியாச்சே!

செத்தவன் போட்ட துண்டு

கோரிப்பாளையத்தில் ஒரு கிளினிக். டோக்கன் நம்பரைக் கூப்பிடும் புரோகிராம் என் பொறுப்பு. ஒருநாள் யுபிஎஸ் காலை வாரிவிட, சிஸ்டம் பொட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டால், 'ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று புரோகிராம் அடம்பிடிக்கிறது. ஸ்கிரீனோ காலி!

ரிசப்ஷனில் இருக்கும் ஆயிஷாவுக்கு விளக்கினேன். "புரோகிராம் ஓட ஆரம்பிச்சதும் பிஐடி ஃபைல்னு ஒண்ணு எழுதி வைக்கும். பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரி. ஒழுங்கா இறங்கினா துண்டை எடுத்துக்கிட்டுப் போயிரும். இது சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போச்சு, துண்டு கிடக்கு. அதைப் பாத்துட்டு ஆளு இருக்குன்னு நம்புது." ஃபைலை அழித்தேன், ஓடியது. ஆயிஷா முறைத்தார். "அம்புட்டுத்தானாண்ணே? இதுக்கா ரெண்டு மணி நேரம் உங்களுக்காகக் காத்துக் கிடந்தோம்?"

உயிரோடு இருந்தவன்

அடுத்த வாரம் ஸ்கிரீன் லேசாகத் தடுமாறியிருக்கிறது. ஆயிஷாவே ஃபைலை அழித்து, புரோகிராமை மறுபடி போட்டுவிட்டார். பழையது உள்ளே உயிரோடுதான் இருந்தது! இப்போது ரெண்டு ஓடுகிறது. ஒன்று பதினாலைக் கூப்பிட, இன்னொன்று முதலிலிருந்து ஒன்றைக் கூப்பிட்டது. ஒன்றாம் நம்பர் டோக்கனில் ஊசி போட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்ட ஒரு சோழவந்தான் பெரியவர் பதறிப்போய்த் திரும்பி வந்துவிட்டார்.

நான் போய்க் கத்தினேன். "முதல்ல ஆளு இருக்கானான்னு பாக்கணும், பிறகுதான் துண்டை எடுக்கணும்! இனிமே நான் வராம நீ தொடவே கூடாது." அன்றைக்கே அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "பாவம்டா அந்தப் புள்ள. உன் தலையில நீயே வேலையக் கட்டிக்கிட்ட."

மாமன் நாற்காலி

காதுகுத்து வண்டியூரில், ஒரு மண்டபத்தில். பட்டு வேட்டி, தோளில் துண்டு, ஒரு மணி நேரம் முன்னாலேயே மாமன் நாற்காலியில் ஆஜர். அப்போதுதானா ஃபோன் வரணும்! கிளினிக்கில் கரண்ட் போய் வந்திருக்கிறது, வாசலில் கூட்டம்.

"நீயே அழிச்சிரும்மா" என்று கெஞ்சினேன். "நீங்கதானண்ணே தொடக் கூடாதுன்னீங்க? நான் மாட்டேன்" என்றார் ஆயிஷா. நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வேலை என்னவோ ரெண்டு நிமிஷம்தான். திரும்பி வரத்தான் கோரிப்பாளையம் சிக்னல் விடவில்லை. ஃபோன் பையில் கத்திக்கொண்டே இருந்தது.

இங்கே மண்டபத்தில் 'மாமன் எங்கே?' என்று கேட்டவர்களுக்கெல்லாம், 'துண்டு கிடக்கே, இங்கனதான் இருப்பாரு' என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல நேரம் முடியப்போகிற வரைக்கும் யாரும் கவலையே படவில்லை.

மூச்சிரைக்க உள்ளே ஓடினேன். என் நாற்காலியில் பெரியப்பா மகன் பாண்டி. அவன் மடியில் குட்டி, ரெண்டு காதிலும் தோடு, வாயில் ஜிலேபி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் துண்டை மடித்துக் கையில் கொடுத்தாள். "பந்தி, பாத்ரூம், மாடி எல்லா இடத்துலயும் ஆளு இருக்கானான்னு பாத்துட்டுத்தாண்டா துண்டை எடுத்தேன்."

அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்தாலும் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.