மஞ்சள் தொப்பியும் தேவதானம் ஹவில்தாரும்

சேவைச் சங்கத்தில் சேவை செய்ய நாற்பது பேர் இருப்பார்கள். திட்டு வாங்கச் செயலாளர் ஒருத்தர்தான் இருப்பார். ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நான் மூன்று வருடமாக அந்த ஒருத்தர். உங்களிலும் பலர் கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் என்று எதிலாவது ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு மாட்டியிருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் வியாழன்

எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் ராஜபாளையம், பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர். வாராந்திரக் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் எந்த ஊர்க்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆகவே முதல், மூன்றாம் வியாழன் இங்கே. இரண்டாம், நான்காம் வியாழன் அங்கே. சில மாதங்களில் ஐந்தாம் வியாழன் ஒன்று வந்து தொலைக்கும். அது யாருக்கு என்று எங்கள் விதிமுறையில் இல்லை. அன்று காலை வரை சண்டை நடக்கும்.

அப்படி ஓர் ஐந்தாம் வியாழனுக்கு, சர்க்கரை நோய் பற்றிப் பேச வெளியூர் டாக்டர் ஒருவரை அழைத்திருந்தோம். கடைசி நேரத்தில் கூட்டம் ராஜபாளையத்துக்கு மாறியது. நாற்பது பேருக்கும் சொன்ன நான் டாக்டருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் நேரே நாங்கள் வழக்கமாகக் கூடும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்குப் போய் இறங்கியிருக்கிறார். அங்கே அன்று ஒரு காதுகுத்து. தாய்மாமன் வீட்டுப் பெரிய மனிதர் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்து, மேடையில் உட்கார வைத்து, மைக்கையும் நீட்டிவிட்டார்கள். இருபது நிமிடம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து பால்கோவாவும் சாப்பிட்டிருக்கிறார். விஷயம் தெரிந்து நான் பதறிப்போய் போன் செய்தபோது அவர் சொன்னது: "கூட்டம் பிரமாதம் சார். முந்நூறு பேராவது இருப்பாங்க. உங்களைத்தான் கடைசி வரைக்கும் காணோம்."

இருபத்தோரு முகங்கள்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தேவதானம் கிராமத்தில் கண் முகாம் நடத்தினோம். சங்கம் எது செய்தாலும் ஃப்ளெக்ஸில் பொறுப்பாளர்கள் எல்லோர் படமும் இருக்க வேண்டும், முன்னாள் தலைவர்கள் உள்பட. மொத்தம் இருபத்தோரு முகங்கள். முகாம், இடம், தேதி எல்லாம் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே வரியில் போய்விட்டது. அச்சுக்குப் போகும் முன் என்னிடம்தான் காட்டினார்கள். என் மீசை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அறுபத்தைந்து வயது இருக்கும், முதுகு வளையாத ஒருவர் வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற சுப்பையா. இப்போது நெல் விவசாயம். அவர் மனைவி பேச்சியம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வந்தார். சுப்பையா ஃப்ளெக்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துச் செத்த நேரம் பார்த்தார். பிறகு மனைவியை வாசிக்கச் சொன்னார். அந்த அம்மாளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வாசித்தார்கள். கேட்டு முடித்த ஹவில்தார் என் பக்கம் திரும்பினார்: "கண்ணு நல்லா இருக்கவன்தான் இதைப் படிக்க முடியும். அவன் எதுக்குய்யா இந்த முகாமுக்கு வாரான்?"

மஞ்சள் தொப்பி

முகாமுக்கு அவர் வந்தார். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் அழுத்தம் ஏறி அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே திரும்பாது என்று பரிசோதித்த டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவையாக ஆட்களைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. முதல் வண்டியில் அவர் பெயரைப் போட்டேன்.

வண்டி கிளம்பும் முன் எல்லோருக்கும் சங்கத்தின் மஞ்சள் தொப்பியை மாட்டி, பேனருக்குக் கீழே நிறுத்தி, படம் எடுப்பது எங்கள் வழக்கம். அந்தப் படம் எங்கள் சங்கங்களின் மாவட்டத் தலைமைக்குப் போனால்தான் சிறந்த சங்கத்துக்கான விருதுக்கு எங்கள் பெயரை எடுத்துக்கொள்வார்கள். மில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவருக்கு அந்த விருதின் மேல் ஒரு கண். தொப்பியை நீட்டியதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஹவில்தார் மனைவியிடம் கேட்டார். "இலவச சிகிச்சைப் பயனாளி" என்று அவர்கள் வாசித்தார்கள். அவர் தொப்பியை நான்காக மடித்து என் கையில் வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கு உபகாரம் செய்ய வந்தால் இப்படியா என்று நினைத்தேன். பேச்சியம்மாள் கெஞ்சியும் அவர் நிற்கவில்லை. அவர் சீட் காலியாகவே வண்டி போனது. வீட்டுக்கு நடையைக் கட்டும்போது ஹவில்தார் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "எல்லைல நின்னவன்யா நான். தர்மம் வாங்குதவன்னு தலைல மாட்டிக்கிட்டுப் போட்டோவுக்கு நிக்க மாட்டேன்."

அடுத்தவர் வயலில் உரம்

நான்கு நாள் கழித்துக் கடையைப் பூட்டிவிட்டுத் தேவதானம் போனேன். டாக்டர் சொன்னது மனதை அரித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் வாசலிலேயே என்னை மறித்து, மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார்கள். முந்தின நாள் ஹவில்தார் தன் வயல் என்று நினைத்து, வாங்கி வந்த உரம் முழுவதையும் பக்கத்து வயலில் தூவிவிட்டு வந்திருக்கிறார். "அவியகிட்ட நான் சொல்லலை. சொன்னா மனசு விட்டுருவாவ" என்றார்கள்.

உள்ளே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரிடம், தொப்பிக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான், யோசிக்காமல் செய்துவிட்டேன் என்றேன். பிறகு என் சொந்தக் கஷ்டத்தைச் சொன்னேன். முதல் வண்டியில் போன ஒரு பெரியவர், மதுரை வரை வந்துவிட்டு மீனாட்சியைப் பார்க்காமல் போவதா என்று ஆஸ்பத்திரியிலிருந்து நழுவிவிட்டார். அரை நாள் தேடினோம். அடுத்த வண்டியை நடத்த எனக்குத் திராணி இல்லை, கட்டுப்பாடாகக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. தொப்பி உண்டா என்று கேட்டார். கிடையாது என்றேன். போட்டோ? தலைவரின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். எத்தனை பேர் என்றார். உங்களோடு இருபத்துநாலு என்றேன். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஆறு மணிக்கு வண்டின்னா அஞ்சே முக்காலுக்கு அம்புட்டுப் பேரும் வரிசைல நிக்கணும். சொல்லிருங்க."

இருபத்துநாலாவது ஆள்

நின்றார்கள். ஆள் முகம் தெரியாததால், ஒவ்வொருவரையும் ஒரு எண் சொல்லி உரக்கக் குரல் கொடுக்க வைத்தார். இருபத்துமூன்று வரை கேட்டுவிட்டு, இருபத்துநாலு என்று தானே சொல்லிக் கடைசியாக ஏறினார். மதுரையில் அவரைக் கேட்காமல் ஒருத்தரும் காபி குடிக்கக்கூடப் போகவில்லை. இவர் நோயாளியா, கூட வந்த அதிகாரியா என்று ஒரு நர்ஸம்மா என்னிடம் தனியாக விசாரித்தார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். அவர் முதலில் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். சரியாக இருந்தது. பிறகு கட்டிலோரம் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருடத் திட்டும் அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. அவர் கேட்டது இதுதான்: "ஏட்டி, எப்ப இம்புட்டு மெலிஞ்ச?"

படம்

முதல் வண்டிக்குத்தான் படம் இருக்கிறது, இரண்டாவதுக்கு இல்லை, பாதிப் படத்தோடு முகாமை விருதுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். தலைவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வார வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஹவில்தார் தனியாக பஸ் ஏறி, தானே வழி பார்த்து வந்து சேர்ந்தார். நன்றி சொல்லவில்லை; கை வலிக்கிற மாதிரி எல்லோரோடும் கை குலுக்கினார். தலைவருக்கு மனசு கேட்கவில்லை. உங்களால் எங்கள் விருது போச்சே என்று சிரித்த மாதிரி சொல்லிவிட்டார். ஹவில்தார் அதை யோசித்தார். தலைவரையும் உபதலைவரையும் என்னையும் பேனருக்குக் கீழே வரிசையாக நிற்கச் சொன்னார். என் போனை வாங்கிக்கொண்டு நாலடி பின்னால் போய், இடது கண்ணால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்: "அசையாதீங்க. அடுத்த மாசம் வலது கண்ணுக்கு வாரப்ப இன்னும் இருபது பேரைக் கூட்டிட்டு வாரேன். படம்தானே வேணும், நான் எடுக்கேன்."

அந்தப் படத்தில் தலைவருக்கு நெற்றி இல்லை, எனக்கு ஒரு காது இல்லை, என்றாலும் அந்த முகாம் நடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று எழுதி மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டேன், இதுவரை பதில் இல்லை.