வார்னிஷுக்குள் ஒரு பொட்டு

“…அத்தானும் இல்லை, நீயும் இல்லை, இந்த ஐயாவும் இல்லை. வைச்ச கைதான் எடுக்கவேணும். ஐயாவுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு, தம்பி,” என்று அக்கா என்னிடம் சொன்னபோது, சோதனை அதிகாரியின் கையில் தின்னரில் நனைத்த துணி ஒன்று இருந்தது. ஜெர்மனியில், ஹம்பேர்க் நகரின் தெற்கு ஓரத்தில், வாகனங்களைப் பார்த்து வீதிக்கு விடலாமா என்று தீர்ப்புச் சொல்கிற ஒரு நிலையம் அது. மண்டபத்தின் நடுவில், அத்தான் மூன்று வருடமாகக் கட்டிய கார் நின்றது. அதன் முன்பக்க இரும்புச் சட்டத்தில், வலது பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். அந்த வட்டத்துக்குக் கீழேதான் காரின் அடையாள இலக்கம் ஒளிந்திருந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஊரில் கொக்குவில் பக்கம் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போன காலத்தில் நான்கு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைகள் அவருடையவை. ஹம்பேர்க்கில் அந்தக் கைகள் பதினாறு வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவின. வந்த புதிதில் ஏறி இறங்கிய கராஜ்களைப் பற்றிக் கேட்டால் ஒரே வசனம்தான் சொல்வார்: “வேலை தெரியுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி. கடுதாசி இருக்கோ எண்டுதான் கேட்டவை.” சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஆட்களின் பேச்சு காதில் விழும். நல்லதாக ஒன்று அகப்பட்டால் அடுத்த தரிப்பு வரைக்கும் வாய்க்குள் வைத்திருப்பேன். அத்தானின் இந்த வசனத்தை மட்டும் பத்துத் தரிப்புத் தாண்டியும் விழுங்க முடிந்ததில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒருநாள், ஹோட்டல் விருந்தாளி ஒருவர் விட்டுப்போன கார்ச் சஞ்சிகையில் அவர் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறை, காரைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அனுப்பும். வாங்குகிறவர் வீட்டில் வைத்துப் பொருத்திப் பூட்டிக்கொள்ளலாம். கூரை இல்லாத, நீண்ட மூக்குள்ள, இரண்டே இருக்கைகள் உள்ள கார். நான்கு பெட்டிகள் வந்து இறங்கின. எஞ்சினும் கியரும் ஸ்டியரிங்கும் அடிபட்ட பழைய கார் ஒன்றிலிருந்து வந்தன. குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாடகைக் கராஜ்களில் கடைசிக் கதவு அத்தானுடையது. கோயிலில் கண்டவர்கள் எல்லாம், “வீடு கட்டிறவையைக் கேள்விப்பட்டிருக்கிறம், கார் கட்டிறவரை இப்பதான் பாக்கிறம்,” என்றார்கள். அக்காவோ இன்னும் ஒரு படி மேலே. “நாலு பிள்ளையைப் பெத்த மனுசனுக்கு ரெண்டு சீற்றுக் கார். மிச்சப்பேரை என்ன பின்னாலை கட்டி இழுக்கப்போறாரோ?”

பெட்டிகள் வந்த வாரமே அத்தான் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அந்தச் சோதனை அதிகாரியிடம் போனார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனை, சிரிப்பதற்கு அவசரமே இல்லாத முகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எதையும் மூடுவதற்கு முன்னால் படம் எடுங்கள். நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தருவதில்லை, பார்ப்பதற்குத்தான் தருகிறார்கள்,” என்றார். அத்தானுக்கு அந்த வார்த்தை நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அக்கா கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டால்கூட, “நம்பிறதுக்கு எனக்குச் சம்பளமில்லை,” என்று சொல்லிக்கொண்டே கரண்டியை நீட்டுவார்.

அந்த மூன்று வருடத்தில் அத்தானுக்குக் கஷ்டமாக இருந்தது இரும்பு வேலை அல்ல, அடக்கம்தான். ஊரில் இல்லாத பாகத்தை அவரே செய்துவிடுவார். இங்கே லைற்றுக்கு அங்கீகார முத்திரை, கண்ணாடிக்கு முத்திரை, இருக்கைப் பட்டிக்கு முத்திரை. பிரேக் குழாயைப் பிடிக்க ஒரு கொழுவியை அவ்வளவு வடிவாகத் தானே செய்து பூட்டினார். இடையில் பார்க்க வந்த அதிகாரி அதைத் தடவிப் பார்த்து, “அழகு. எங்கே இதற்கான பத்திரம்?” என்று கேட்டார். அத்தான் அதைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். பல மாதம் அந்தக் கொழுவி அவருடைய திறப்புக் கோர்வையில் தொங்கியது.

ஆயுத பூசை நாளன்று அக்கா முதன்முறையாகக் கராஜுக்குள் கால் வைத்தார். பித்தளைத் தட்டு, செவ்வரத்தை கிடைக்காததால் கடையில் வாங்கிய மஞ்சள் பூ, மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணம், குங்குமம். ஸ்பனர்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்து, காரின் இரும்புச் சட்டத்தைச் சுற்றி வந்தார். “இதின்ரை பேர் எங்கை எழுதியிருக்கு?” என்று கேட்டார். அத்தான் சட்டத்தில் குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டினார். “அப்ப இதுதான் நெத்தி,” என்று சொல்லி, சந்தனக் குழையலைத் தாராளமாக அதன்மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அத்தான் தொடக்கத்திலிருந்தே படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை சட்டத்துக்கு நிறமில்லாத வார்னிஷ் அடிக்கிற நாள். பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அத்தான் துணியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “அவள் வைச்சதை நான் எப்பிடி அழிக்கிறது? இருக்கட்டும். மேலாலை அடிச்சால் ஒருநாளும் உதிராது,” என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். ஜெர்மனியில் ஒரு காருக்கு உயிரே அந்த இலக்கம்தான் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை.

சோதனைக்குரிய Termin, அதாவது முன்பதிவுத் தேதி, கிடைத்த மாதத்தில்தான் அந்தக் கடிதமும் வந்தது. கராஜ் வரிசையை இடிக்கப் போகிறார்கள், மாத முடிவுக்குள் காலி செய்யவேண்டும். இலக்கத் தகடு இல்லாத காரை இங்கே வீதியில் ஒருநாளும் நிறுத்த ஏலாது. இன்று அனுமதி கிடைக்காவிட்டால் அடுத்த Termin ஆறு கிழமைக்குப் பிறகு. அதற்குள் காரைக் கழற்றி விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இரவல் வாங்கிய இழுவை வண்டியில் காரை ஏற்றி, நான் வான் ஓட்டினேன். படங்களும் பத்திரங்களும் அடுக்கிய கோப்பை அக்கா மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தார். அத்தானின் எண்ணெய்க் கைக்குத் தப்பி அந்தக் கோப்பு சுத்தமாக இருந்ததே அக்காவால்தான்.

பிரேக் பிடித்தது. லைற் நேராக விழுந்தது. புகை, சத்தம், ஸ்டியரிங், எல்லாம் சரி. அதிகாரி ஒருமுறை காரின் மூக்கைத் தட்டிக்கூடக் கொடுத்தார். பிறகு கைவிளக்கோடு இலக்கத்தைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது என்ன, ஓட்டை அடைக்கிற பட்டியா? இலக்கத்தை ஏன் பட்டி வைத்து மூடினீர்கள்?” குரல் மாறியிருந்தது. திருட்டுக் கார்களில்தான் அப்படிச் செய்வார்களாம். அத்தான் பதறிப்போய் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனார். அதிகாரி கத்தினார். அந்த இடத்தில் தேய்த்த அடையாளம் விழுந்தால் இந்த நாட்டில் எவனும் இந்தக் காரைப் பதியமாட்டான் என்றார். மூடியிருந்தாலும் குற்றம், தேய்த்தாலும் குற்றம். அத்தான் உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “சரி தம்பி. கொண்டுபோய்க் கழட்டுவம்,” என்றார். பதினாறு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அக்கா கோப்பின் கடைசி உறைக்குள் விரலை விட்டு ஒரு படத்தை இழுத்தெடுத்தார். பூசைப் படங்களைக் கந்தோரில் காட்டுவதில்லை என்று அத்தான் விலக்கி வைத்தவற்றில் ஒன்று. “நீங்கள் வெளியிலை எடுத்து வைச்சியள். நான் திருப்பி வைச்சனான்,” என்றார் அத்தானிடம். படத்தில் தட்டு, விளக்கு, சந்தனம் தோய்ந்த அக்காவின் கட்டைவிரல். விரலுக்கும் இரும்புக்கும் இடையில் ஓர் அங்குலம். அந்த இடைவெளியில் இலக்கம் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. அதிகாரி பூதக்கண்ணாடி கொண்டுவந்து பத்திரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு படத்திலிருந்த கையையும் அக்காவின் கையையும் பார்த்தார். ஆயுத பூசையை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன். “சரி. என் கண்முன்னால், துணியும் தின்னரும் மட்டும்,” என்று சொல்லித் தானே துணியை நனைத்தார்.

பொட்டை இன்னொருவர் கையால் அழிக்கிறது எங்கள் வீடுகளில் எதைக் குறிக்கும் என்பதை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. “இவர் வைத்தது, இவரே எடுக்க விரும்புகிறார்,” என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அத்தானுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தத் தாழ்ந்த காருக்குள் இறங்க இரண்டு தரம் மூச்சு விடுகிறார், ஏறி வர மூன்று. கராஜ் வரிசை நின்ற இடத்தில் மாடிவீடுகள் வந்துவிட்டன. காரின் பத்திரத்தில் செய்தவர் என்ற இடத்தில் ‘சொந்தக் கட்டுமானம்’ என்று ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது. அவரை வாசித்துக் காட்டச் சொல்லி நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் முதல்முறை வாசிக்கிறவர் போலவே வாசிப்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போனால், புதிது புதிதாக வருகிற இளம் அதிகாரிகள் கோப்பின் கடைசிப் படத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்த நரைமீசைக்காரர் இளைப்பாறி எவ்வளவோ காலம்.

அன்றைக்கு அவர் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு துணியை அக்காவிடம் நீட்டினார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சீமெந்து நிலத்தில் முழங்காலில் இருந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வார்னிஷ் இளகியது, மஞ்சள் கரைந்தது, இலக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அதிகாரி குனிந்து கடைசி இலக்கம் வரை வாசித்து, பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எழும்பவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து, ஒட்டுப்பொட்டு மட்டையை எடுத்து, கடைசி இலக்கத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி அளந்து, சிவப்பில் பெரியதாக ஒன்றை ஒட்டி, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.