அறுபத்தொன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படகு

சில வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன மீனவக் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வீடுகள், நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை. கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி ஒன்று அங்கே ஏரிக்குள் சாய்ந்துவிட்டது. லாரி விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். மூன்றாம் நாள் காலையில் பொன்னேரியிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கினேன்.

இடது பக்கச் சக்கரங்கள் சேற்றில், வலது பக்கச் சக்கரங்கள் அந்தரத்தில். முட்டிபோட்டுத் தண்ணீர் குடிக்கும் எருமை போல இருந்தது லாரி. அதன் விளிம்பில் நாலு கொக்குகள், வண்டியே தங்களுடையது என்பது போல நின்றிருந்தன. வெளிச்சம் ஏரி முழுக்கச் சில்லு சில்லாக நொறுங்கிக் கிடந்தது. நான் ஒரு நிமிடம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். பத்தொன்பது வருட சர்வீஸ். இடது கையில் கட்டு. வண்டியை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி உத்தரவு. அதனால் எதிர்வீட்டு மீன்கார அம்மாவின் வீட்டில் மூன்று நாளாகச் சாப்பாடு. "உங்க ரிப்போர்ட்டுல என் தப்புன்னு வந்துட்டா வேலையும் போயிரும், லைசென்ஸும் போயிருமுங்க" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இருபதுலதானுங்க வந்தேன். அந்த எடத்துல பிரேக்க மிதிச்சேன். ஓரம் அப்படியே உள்வாங்கிருச்சு."

என் அனுபவத்தில் எல்லா லாரிகளும் இருபதில்தான் கவிழ்ந்திருக்கின்றன. அதோடு, அவர் கை காட்டிய இடத்தில் தார்ப்பாய் விரித்து யாரோ சென்னாக்குன்னிப் பொடி இறால் காயப்போட்டிருந்தார்கள். பாவம், அதிர்ச்சியில் இடமே குழம்பிவிட்டது என்று நினைத்தேன். ஏனென்றால் பிரேக் பிடித்த தடம் சற்று முன்னாலேயே பளிச்சென்று தெரிந்தது. சாலை நெடுக இரண்டு கறுப்புக் கோடுகள். வளைந்து, லாரி சாய்ந்த ஓரத்தில் போய் முடிந்தன.

அதுவரை என்னைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. "இன்னா மேடம், ரோட்ட அகலம் பண்றீங்களா? என் வாசப்படி எம்மாந்தூரம் போவுது?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்துக் கோட்டின் தொடக்கத்தில் ஒரு குறி போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு கோழி மட்டும் நின்றது. என் தொழில் மீதுள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

டேப்பை நீட்டி அளந்தேன். இருபத்திரண்டு மீட்டர். கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. லாரி அச்சு இதைவிட அகலம். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்: பின்னால் இரட்டைச் சக்கரம், உள்பக்கச் சக்கரங்கள் மட்டும் தரையைப் பிடித்திருக்கும். குனிந்து பார்த்தால் டயரின் வரிகூடப் பதிந்திருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? தடத்தின் நீளத்திலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. போட்டேன். ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். 'அதிவேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

டிரைவரிடம் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. சாலையோர மைல்கல்லில் மெதுவாக உட்கார்ந்து, "பத்தொன்பது வருஷமுங்க" என்றார். அவ்வளவுதான்.

அப்போது மீன்கார அம்மா சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு, தட்டில் சோறும் மடவை மீன் குழம்பும் எடுத்து வந்தார். டிரைவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஏன் நைனா, கொயம்பு புடிக்கலயா?"

அவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா தட்டைப் பிடித்தபடியே கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோடுகளைப் பார்த்தார்.

"மேடம், அது இவரு போட்டது இல்ல."

"லாரி டயர் தடம்தான்மா. வரி தெரியுது பாருங்க."

"லாரி டயருதான். லாரி போடல. எங்க படகு போட்டது."

வீட்டுக்குள்ளிருந்து அவர் கணவரின் குரல் வந்தது. "ஏய், வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"நீ சும்மா இரு. மூணு நாளா நம்ம சோத்த துன்னுகினு இருக்கிற ஆளு. அவன் பொழப்பு போவுது, கதவாண்ட நின்னுகினு வேடிக்க பாக்க சொல்றியா?"

பிறகு என்னிடம் திரும்பிச் சொன்னார். ஃபைபர் படகு ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடும் கொட்டகை சாலையோடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதுவரை படகைக் கட்டைச் சட்டத்தில் ஏற்றி டிராக்டரில் கட்டி இழுப்பார்கள். கட்டை தேயாமலிருக்க அடியில் பழைய லாரி டயரை அறுத்து ஆணி அடித்திருப்பார்கள். வெயிலில் தார் இளகும்போது கோடு விழும். படகை ஏரியிலிருந்து ஏற்றி இறக்குவதும் அந்த ஓரத்தில்தான். அதனால்தான் ஓரம் கரைந்து போயிருக்கிறது.

"ரோட்ட கெடுத்ததுக்கு எங்கள எழுதிகினு போவத்தான் நீ வந்துக்கிறேன்னு அல்லாரும் உள்ள பூந்துட்டாங்க. ஃபைன் போடணும்னா என் படகு மேல போடு. இந்த ஆள வுட்ரு."

நான் நம்பவில்லை. நம்ப மனம் வரவில்லை என்பதே சரி. கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அரைமணி நேரத்தில் கொட்டகையிலிருந்து டிராக்டர் வந்தது, பின்னால் சட்டத்தில் நீலப் படகு. சாலையில் நின்ற கோழியை நோக்கி நிதானமாக வந்தது. கோழிகூட விலகவில்லை, டிராக்டர்தான் விலகியது. போன வழியெல்லாம் இரண்டு கறுப்புக் கோடுகள், அதே இடைவெளி, அதே வரி.

அளந்தேன். முப்பத்தோரு மீட்டர். என் கணக்குப்படி அந்தப் படகு வந்த வேகம் அறுபத்தொன்பது கிலோமீட்டர்.

நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. "யம்மாடி, இந்த வேகத்துல போனா காலையில போயி ஸ்ரீஹரிகோட்டாவுல டீ குடிச்சிட்டு மீனோட வந்துரலாமே" என்றது ஒரு குரல். டிராக்டர்காரர் இறங்கி வந்து, "மேடம், நான் நடந்து போனா எவ்ளோ காட்டும்?" என்று மிகுந்த பணிவோடு கேட்டார். மூன்று நாளில் முதல்முறையாக டிரைவர் சிரித்தார். கட்டுப் போட்ட கை வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"அப்ப லாரி தடம் எங்கே?" என்று கேட்டேன். மீன்கார அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு போய், தான் விரித்திருந்த சென்னாக்குன்னித் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். அடியில் இருந்தன, அகலமான இடைவெளியில், குட்டையாக இரண்டு தடங்கள். இரண்டரை மீட்டர். கணக்குப் போட்டேன். இருபதுக்கு ஒரு முடி குறைவு.

நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, லாரி மிதமான வேகத்தில் வந்ததையும், வலுவிழந்த சாலை ஓரம் பாரம் தாங்காமல் சரிந்ததையும் எழுதினேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"எங்களப் பத்தியும் எழுதிட்டியா?"

"உண்மையை எழுதித்தானேம்மா ஆகணும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எழுதிக்கோ. அப்டியே படகு எறக்க சிமெண்டுல ஒரு சரிவு கட்டித் தரச் சொல்லி எழுது" என்றார். இன்சூரன்ஸ் அறிக்கையில் அதற்கு இடமே கிடையாது. இருந்தாலும் எழுதினேன்.

டிரைவரின் வேலை தப்பியது. சரிவு இன்னும் வரவில்லை என்று கேள்வி. அளவுகளை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் தன் மேல் பழி விழும் என்று தெரிந்தும் கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மா வந்திருக்காவிட்டால், ஒரு மனிதனின் பத்தொன்பது வருடத்தை அடிக்கோடு போட்டு முடித்துவிட்டு, நல்லபடியாக வேலை பார்த்த திருப்தியோடு அன்றைக்கு வீடு திரும்பியிருப்பேன் என்பது, இன்றும் ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்துப் போடும் முன் என் பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கிறது.